கடன் அடைத்த ஏவிஸ்

லூத் என்ற ஊரின் கடைத்தெருவில் பார்லி மது காய்ச்சி விற்ற ஏவிஸுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஊர் முழுக்கக் கடன் மட்டும் இருந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெள்ளிக் காசு கண்ணில் படுவதே அபூர்வம் என்பதால் ரொட்டியும் விறகும் எல்லோருக்கும் கடனில்தான். ஒரு குச்சியில் தொகைக்கு வெட்டுப் போட்டு, நெடுக்காகப் பிளந்து, கொடுத்தவரும் வாங்கியவரும் ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள்.

ரொட்டிக்காரி குன்னில்டா தன் பாதியை இடுப்பில் செருகிக்கொண்டு வாரம் தவறாமல் வந்துவிடுவாள்.

"ஏண்டி ஏவிஸ், இப்பவே குடுப்பியா, இல்ல என் கல்லறையில கொண்டாந்து வைப்பியா?"

கேட்டுவிட்டு அடுப்பருகே உட்காருவாள். ஒரு கோப்பை மது இறங்கியதும் மருமகளைப் பற்றிப் புலம்பல் ஆரம்பமாகும். கடன் பேச்சு அதோடு போய்விடும்.

அந்தக் குளிர்காலத்தில், கலே துறைமுகத்தில் கம்பளி வியாபாரம் செய்துவந்த ஏவிஸின் அண்ணன் காய்ச்சலில் செத்தான். அவன் சேர்த்த வெள்ளி ஒரு தோல்பையில் தங்கையிடம் வந்தது. ஏவிஸ் அழுது ஓய்ந்த பிறகு ஊரைச் சுற்றி எல்லாக் கடனையும் அடைத்தாள். குச்சிகளை அடுப்பில் போட்டு எரித்தாள்.

அதற்குப் பிறகு யாரும் உள்ளே வந்து உட்காரவில்லை. மது வாங்க வந்தவர்கள் குடத்தை நிரப்பிக்கொண்டு வாசலோடு போனார்கள். விறகுக்காரன் தொப்பியைத் தொட்டு மரியாதை காட்டினான், நிற்கவில்லை. நோன்பு நாட்களான தவக்காலம் பிறப்பதற்குள் அவள் அடுப்போடு பேசத் தொடங்கியிருந்தாள்.

பொறுக்காமல் ரொட்டிக்கடைக்குப் போனாள். ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு, "கணக்குல வெச்சுக்கோ குன்னில்டா" என்றாள்.

"கையில வெள்ளிய வெச்சுக்கிட்டு எதுக்குங்க கடன்? கேலி பண்றீங்களா?"

அந்த 'ங்க' ஏவிஸைச் சுட்டது. ஒரு பென்னி வெள்ளிக்காசை எடுத்து வைத்தாள். குன்னில்டாவிடம் சில்லறை இல்லை. பணக்காரிக்குக் கடன்பட அவளுக்கு மனமும் இல்லை. காசுக்கு ஈடாக இன்னும் மூன்று ரொட்டிகளை எடுத்துக் கொடுத்தாள்.

"சரியாப் போச்சு. இனி ஒருத்தருக்கொருத்தர் பாக்கி இல்லங்க."

ஒற்றை ஆளுக்கு நான்கு ரொட்டி. கடைசி ரொட்டி கல்லாக இறுகியபோது அதை மதுவில் ஊறவைத்துத் தின்றாள் ஏவிஸ். தின்னும்போதே கண்ணில் நீர் கோத்தது.

மறுநாள் பார்லி வியாபாரி ஹேமண்டிடம் போய், பையில் மிஞ்சிய வெள்ளியையெல்லாம் கொட்டி, அதற்குக் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு பார்லி கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா? மீதிய எப்பம்மா தருவ?"

"தெரியலய்யா. வீட்டுப் பக்கம் வந்து கேளுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு குச்சியைத் தேடி எடுத்தார். அடுத்த வாரம் கொட்டும் மழையில் வந்து கதவைத் தட்டினார். பாக்கி எங்கே என்று நின்றபடியே கேட்டார். இல்லை என்றாள் ஏவிஸ். கோப்பையை நீட்டினாள். அவர் உட்காரவில்லை. ஆனாலும் மழை விடும்வரை நின்றுகொண்டே குடித்தார்.