பார்த்தால் ஒட்டாது

உலகின் மாபெரும் போர்கள் அனைத்தும் ஒரு மாபெரும் தலைவனின் உரையோடுதான் தொடங்கியிருக்கின்றன. இந்தப் போரின் தலைவர் இடுப்பில் துண்டோடும் காதோரம் ஷாம்பு நுரையோடும் குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இந்த நிமிஷத்துலேருந்து இந்த வீட்ல சுகாதார அவசர நிலை" என்று அறிவித்தார். அலுவலகத்தில் அவர் துணை மேலாளர். அங்கே மேலாளர் இருப்பதால் கொடுக்க முடியாமல் போன உத்தரவுகளையெல்லாம் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

மனைவி கட்டிலில் உட்கார்ந்தபடி ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தாள். மற்ற கண் பீளை ஒட்டித் திறக்க மறுத்தது. பேருந்து நிலையத்து டிக்கெட் கவுன்டரில் அவளுக்கு வேலை. காலையில் அவள் முகத்தைப் பார்த்த கண்காணிப்பாளர், நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, "மொதல்ல டாக்டரைப் பாருங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

லீவு போட்டதில் அவளுக்கு வருத்தமில்லை. தங்கைக்கு எத்தனையோ வருஷம் கழித்துக் குழந்தை பிறந்திருந்தது. குறைமாதம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டியதோடு சரி, பெரியம்மா இன்னும் அதைத் தொட்டதில்லை. அடுத்த வாரக் கடைசியில் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

"அக்கா, கண்ணு சரியாகாம இந்தப் பக்கம் எட்டிப் பாத்துடாதே. பச்ச உடம்பு, தாங்காது. கோவிச்சுக்காதே" என்றாள் தங்கை போனில்.

"கோவிச்சா மட்டும் விட்ருவியா?"

"மாட்டேன்."

மெட்ராஸ் ஐக்கு டாக்டரம்மா சொன்னது ஒரே விஷயம்தான்: அவள் கண்ணைத் தொட்டது எதுவும் இன்னொருத்தர் கண்ணைத் தொடக் கூடாது. ஆகவே அவள் நனைத்த பஞ்சால் கண்ணைத் துடைத்து, அந்தப் பஞ்சை உடனே எறிந்தாள். அடுத்த கண்ணுக்கு வேறு பஞ்சு. சொட்டு மருந்தின் முனை இமையில் படாமல் ஊற்றப் பழகினாள். தலையணை உறையைத் தினமும் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டாள். கை கழுவிக் கழுவியே சோப்பு தேய்ந்தது.

துணை மேலாளருக்கு இந்தச் சில்லறை வேலைகளில் நம்பிக்கை இல்லை. "பாத்தாலே ஒட்டிக்கும்" என்பது அவர் கட்சி. வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். மனைவியிடம் முதுகைக் காட்டியே பேசினார். தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார்.

"அப்பா, நீங்க திட்டிட்டு இருக்கறது பீரோவை. அம்மா இந்தப் பக்கம்" என்றாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

"எனக்குத் தெரியும். பீரோவையும்தான் சொல்றேன்."

ஒருவழியாக, குழந்தை வீட்டுக்கு வந்த அன்று மனைவிக்குக் கண் தெளிந்தது. குழந்தைக்குக் குட்டிச் சட்டைகூட வாங்கி வைத்தாள். மறுநாள் காலை துணை மேலாளர் அறையை விட்டு வெளியே வரவில்லை. மகள் போய்க் கறுப்புக் கண்ணாடியை இழுத்துக் கழற்றினாள்.

"அம்மா! இங்க ரெண்டு தக்காளி இருக்கு."

"தூசி" என்றார் அவர். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்திருந்தது. "இல்லேன்னா உங்கம்மாதான். நான் தூங்கும்போது என்னைப் பாத்துருக்கா."

"கல்யாணம் ஆனதுலேருந்து பாக்கறேன். இதுவரைக்கும் என்ன ஒட்டிச்சு?" என்றாள் மனைவி. மகள் அதற்குள் சித்திக்குப் போனில் ஒலிபரப்பிவிட்டாள். "மாமாவுக்குமா? அப்ப வீட்ல இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. வேணாம்க்கா" என்று பதில் வந்தது.

அவரைத் தள்ளிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

"உங்களுக்குச் சுத்தமா சரியாயிடுச்சு" என்றார் டாக்டரம்மா அவளிடம்.

"அப்ப கொழந்தையைத் தூக்கலாமா?"

"இவருக்கு எப்படிப் போச்சுன்னு தெரியணும். வழி தெரியாம விட்டா, உங்க கையிலயே ஏறி அந்தக் கொழந்தைகிட்ட போகும். துண்டு?"

"தனி."

"தலகாணி? சொட்டு மருந்து?"

"எல்லாம் தனி" என்று துணை மேலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். "என் நிர்வாகத்துல ஒரு ஓட்டை காட்டுங்க டாக்டர், பாப்போம்."

"கண்ணாடியைக் கழட்டுங்க சார்."

டாக்டரம்மா நனைந்த பஞ்சை அவர் இமைமேல் வைத்து வெளிப்புறமாக இழுத்தார். பஞ்சு கறுப்பாக வந்தது. அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொரு பஞ்சால் மேலே துடைத்தார். இடது புருவம் பாதி காணாமல் போனது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என் கண் மைப் பென்சில்! அதை நான் மொத நாளே தூக்கிப் போட்டுட்டேனே!"

"நான்தான் போடச் சொன்னேன்" என்றார் டாக்டரம்மா.

துணை மேலாளர் சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையை, யாரும் கேட்காமலே, மேலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.

"வழி தெரிஞ்சுபோச்சு. நீங்க இப்பவே கெளம்புங்கம்மா. அங்க போய்க் கையைக் கழுவிட்டுத் தாராளமா தூக்குங்க. சாருக்குச் சரியாகறவரைக்கும் தங்கச்சி வீட்லயே இருங்க."

அவள் அங்கேயே போனை எடுத்தாள். "வாக்கா, வா" என்று தங்கை கத்தியது அறை முழுக்கக் கேட்டது.

துணை மேலாளரின் புருவம் நரைத்து ரொம்ப நாளாகிறது. பென்சிலைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்தபோது அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.