தகட்டுக்கு அடியில்

சிராஜ் சுத்தியலை இறக்கிய சத்தம் கேட்டுப் பெரிய வாப்பா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டார். முழங்கை வரை ஈரமாக இருந்தது. உள்ளே இறந்துபோன அவருடைய தம்பி, சிராஜின் வாப்பா அப்துல் ஜப்பாரைக் குளிப்பாட்டத் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள மையத்து கெடக்குது, நீ வாசல்ல பட்டறை போட்டுக்கினு கீற. இன்னாடா இது?"

"அக்காவ இட்டாரணும் பெரிய வாப்பா."

"அதுக்குத்தான் பாய்ப்படகு அனுப்பிகீதே."

"காத்து எங்க கீது? அது போய்ச் சேரவே பொழுது சாஞ்சிடும்."

பெரிய வாப்பா ஏரியைப் பார்த்தார். சித்திரை மாதத்துப் பழவேற்காடு ஏரி, ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. அக்கா ஜாஹிதாவை ஏரியின் வடகோடியில் ஒரு தீவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷனுக்கு இறால் கருவாட்டு வியாபாரம். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த வாப்பா எழுந்திருக்கவில்லை என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

"சாயங்காலம் அஸர் பாங்கு சொன்னா சந்தூக்கத் தூக்கிருவோம். மையத்தக் காக்க வெக்கிறது பாவம். மூடுன மொகத்த மறுபடி தெறக்க மாட்டேன், சொல்லிட்டேன்." உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். "ஒங்க வாப்பாவோட அந்தப் பேஜார் படக நம்பிக்கினு கெளம்பாத. உயிரோட இருந்தவனையே நடு ஏரில நிறுத்தி வெச்சிது அது."

அந்தப் படகைப் பற்றிப் பழவேற்காட்டில் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட முடியாது. அறுபத்தெட்டில் மெட்ராஸ் துறைமுகத்து ஏலத்தில் ஜப்பார் அதை எடுத்தார். ஊரில் எல்லோரும் பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்த காலம். இன்ஜின் படகுக்குள் இருக்கும். அதிலிருந்து அலுமினியக் கால் ஒன்று பின்பக்கமாகத் தண்ணீரில் தொங்கும். அந்தக் காலின் நுனியில் தண்ணீரைத் தள்ளும் காத்தாடி சுற்றும். கயிற்றை இழுத்தால் காலைத் தூக்கிக்கொள்ளலாம். ஏலம் விட்டவன் அந்த வித்தையைக் காட்டித்தான் அவரை மயக்கினான். அலுமினியத்தை ஏரி உப்பு எப்படித் தின்னும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டான்.

ஜப்பார் அசரவில்லை. அச்சாபீஸ்களில் நோட்டீஸுக்குப் படம் அச்சடித்துக் கழித்துப்போட்ட துத்தநாக பிளாக்குகளை எடைக்கு வாங்கி வந்து காலில் முடுக்கினார். உப்பு முதலில் துத்தநாகத்தைத் தின்னும், காலைச் சும்மா விடும். தேர்தலில் தோற்றுப்போன வேட்பாளர்களின் முகங்கள் வருஷா வருஷம் அந்தக் காலில் கும்பிட்டபடி மூழ்கின. மூக்குத்தான் முதலில் கரையும்.

எல்லாம் சரிதான், அந்தத் தகடு ஒன்றைத் தவிர. வாங்கிய வருஷமே படகு கவிழப் பார்த்தது. உம்மா சாயிரா பானு, லெப்பை ஓதிக் கொடுத்த செப்புத் தகட்டை எடுத்துக்கொண்டு தானே கரைக்குப் போய், காலில் இரண்டு பித்தளை ஸ்குரூ வைத்துத் தன் கையாலேயே முடுக்கிவிட்டு வந்தாள். அலுமினியத்தோடு செம்பு ஒட்டி உப்புத் தண்ணீரில் கிடந்தால் அலுமினியம் கரைந்துபோகும். கும்மிடிப்பூண்டி லேத் பட்டறையில் வேலை பார்க்கும் சிராஜ் இதை வாப்பாவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். "கெடக்கட்டும் உடு, ஒங்கும்மா வெச்சது" என்பார் அவர். பெண்டாட்டிக்குப் பயந்து படகைப் பலி கொடுக்கிற மனுஷன் என்று சிராஜுக்கு உள்ளூர ஒரு இளக்காரம் உண்டு.

போன மாதம் கிளிஞ்சல் திட்டில் மோதிக் காத்தாடியின் மூன்று இதழ்களில் ஒன்று மடங்கிப்போனது. அன்றிலிருந்து படகு மணலில்தான் கிடந்தது.

வாப்பாவின் சிநேகிதர் யேசுதாஸ், வலைக்காரர், கரியை மூட்டி ஊதிக்கொண்டிருந்தார். நல்ல இதழை ஏரிச் சேற்றில் அழுத்தி அச்செடுத்து வைத்திருந்தார்கள். மடங்கிய இதழ் அந்தக் குழியில் அலுங்காமல் உட்காரும்வரை தட்ட வேண்டும். ஆனால் அலுமினியம் சூடானது கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் மிஞ்சினால் உருகிவிடும், குறைந்தால் அடிக்கும்போது வெடித்துவிடும். மேலே சோப்பைத் தேய்த்து, அது கறுக்கிற நேரம் பார்த்து அடிப்பதுதான் வழி.

சிராஜ் பின்வாசல் வழியாக உம்மாவிடம் போனான். அவள் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். மையத்துக்கென்று வாங்கிய புதுச் சோப்பு பக்கத்தில் இருந்தது.

"பாதி குடும்மா."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஒரு நூலைப் போட்டு இழுத்துச் சோப்பை இரண்டாக்கி ஒன்றை நீட்டினாள். "போயி அவள இட்டுக்கினு வா. தகடு கீதுல்ல, ஒண்ணும் ஆவாது."

சோப்பு கறுத்தது, இதழ் வளைந்தது. மூன்றாவது சூட்டில் சேற்று அச்சுக்குள் போய், கையைச் சட்டைக்குள் விட்ட மாதிரி உட்கார்ந்தது. யேசுதாஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

காத்தாடியை மாட்டப் போனபோதுதான் காலில் எண்ணெய் கசிவதைப் பார்த்தார்கள். தகட்டுக்கு அடியிலிருந்து வந்தது. "பாத்தியா, தின்னுட்சி" என்று சிராஜ் எரிச்சலோடு ஸ்குரூ டிரைவரை வைத்தான். வைத்ததும் ஸ்குரூ தலை பொருக்கு உதிர்வது போலக் கையோடு வந்துவிட்டது.

தலை மட்டும்தான். தார் பூசி ஒட்டியிருந்தது. இரண்டாவதும் அப்படியே வந்தது. தகட்டைப் பிடித்திருந்தது மெல்லிய நைலான் நரம்பு. நரம்பை அறுத்துத் தகட்டை எடுத்தான். அடியில் தகட்டின் அளவுக்கே, மூலை முடுக்கெல்லாம் பார்த்து வெட்டிய சைக்கிள் டியூப் ரப்பர். அதற்கடியில் இன்னொன்று, பழையது. உம்மா முடுக்கிய ஸ்குரூக்கள் இருந்த ஓட்டைகளை அலுமினியத்தாலேயே அடைத்து அரத்தால் வழித்திருந்தது. இந்த வருஷம் ரப்பர் கிழிந்து செம்பு மறுபடி பட்டதில் ஒரு அடைப்புக் கரைந்திருந்தது, அவ்வளவுதான்.

செம்பும் இருந்தது, அலுமினியமும் இருந்தது. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் வாப்பா இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

யேசுதாஸ் சிரித்துவிட்டார். சாவு வீட்டு வாசல் என்பது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார். "உங்க நைனா பலே ஆளுப்பா" என்றார் மெதுவாக. சிராஜுக்கு அழ நேரமில்லை. சிறிய அலுமினிய ஸ்குரூவுக்குப் பெயிண்டில் தோய்த்த நூலைச் சுற்றி ஓட்டையில் இறுக்கினான். தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். காத்தாடியை மாட்டி, இரண்டு பேருமாகப் படகைத் தண்ணீருக்குத் தள்ளினார்கள்.

இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. ஒரு நடுக்கமில்லை, ஒரு உதறலில்லை. ஆறு வருஷத்தில் அந்தப் படகு இப்படி ஓடி அவன் பார்த்ததில்லை. வழியில் அசையாமல் நின்றிருந்த பாய்ப்படகைக் கடந்தபோது யேசுதாஸ் கையை மட்டும் ஆட்டினார்.

தீவின் கரையில் ஜாஹிதா நின்றுகொண்டிருந்தாள். படகுச் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்திருக்கிறாள், கையில் கரண்டி. அந்தப் படகை வாப்பாவைத் தவிர வேறு யாரும் ஓட்டியதில்லை. சிரித்துக்கொண்டே வந்தவள், ஓட்டுகிற இடத்தில் தம்பி நிற்பதைப் பார்த்தாள். கரண்டி மணலில் விழுந்தது.

திரும்பும்போது சூரியன் மேற்கே இறங்கியிருந்தது. திட்டைச் சுற்றிப் போனால் நேரத்துக்குச் சேர முடியாது. சிராஜ் வாப்பா மோதிய அதே திட்டுக்கு நேராகப் படகை விட்டான்.

"அங்க வேணாண்டா" என்றாள் ஜாஹிதா.

"புட்ச்சிக்கோ."

திட்டு நெருங்கியதும் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கயிற்றை இழுத்தான். கால் தண்ணீரைவிட்டு எழுந்தது, காத்தாடி வெயிலில் பளபளத்தது. யேசுதாஸ் கழியை ஊன்றித் தள்ளினார். அடியில் கிளிஞ்சல்கள் கரகரவென்று உரச, வந்த வேகத்திலேயே படகு வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியது. காலைத் தாழ்த்தினான். இழுத்தான். பிடித்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

கரை தெரிந்தபோது பள்ளிவாசல் போகிற பாதையில் வெள்ளைக் கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. நடுவில், தோள்களுக்கு மேலே, பச்சைத் துணி போர்த்திய சந்தூக். தூக்கிவிட்டார்கள்.

"போச்சுடா" என்றாள் ஜாஹிதா.

சிராஜ் இருக்கிற வேகம் முழுவதையும் கொடுத்தான். இன்ஜின் ஏரி முழுவதும் கேட்கும்படி அலறியது. ஊரார் இத்தனை வருஷமாகக் காதைப் பொத்திக்கொண்ட சத்தம்.

கூட்டம் நின்றது. தலைகள் திரும்பின. பச்சைத் துணி ஒரு நிமிஷம் அந்தரத்திலேயே இருந்தது, பிறகு மெல்ல, மெல்லக் கீழே இறங்கியது. சிராஜ் வாய்விட்டுக் கத்தினான். என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

கயிற்றைப் பிடிக்க முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றவர் பெரிய வாப்பாதான். பின்னால் ஊரே நின்றது. "ஜப்பார் பாய் படகு வந்துட்சி, வந்துட்சி" என்று யாரோ கரையோடு சொல்லிக்கொண்டே போனார்கள்.

"கேடுகெட்ட சத்தம்" என்றார் பெரிய வாப்பா. குரல் உடைந்திருந்தது. "செவுடனுக்கும் கேக்கும்." ஜாஹிதாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மூடின முகத்தைத் திறக்கமாட்டேன் என்று சொன்ன அவரே தன் கையால் கபன் துணியின் முடிச்சை அவிழ்த்தார். அவள் ஆசை தீரப் பார்க்கும்வரை அஸர் தொழுகை கொஞ்சம் காத்திருந்தது.

அடக்கம் முடிந்து சிராஜ் வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. உம்மாவும் அக்காவும் உள்ளறையில் இருந்தார்கள். வாப்பாவின் சைக்கிள் சுவரோரம் நின்றது. அவன் அதைச் சாய்த்துப் பின் சக்கரத்தின் காற்றைப் பிடுங்கினான். டியூபை உருவிப் பிளந்து தரையில் பரப்பினான். சட்டைப் பையிலிருந்த தகட்டை அதன் மேல் வைத்துக் கத்தரிக்கோலை எடுத்தான்.

"சிராஜு" என்று உள்ளேயிருந்து உம்மா கூப்பிட்டாள்.

"இன்னாம்மா?"

"கொஞ்சம் பெருசா வெட்டு. உங்க வாப்பா எப்பவுமே ஓரத்துல கஞ்சத்தனம் பண்ணுவாரு."

கத்தரிக்கோல் அப்படியே நின்றது. சக்கரத்தின் வளைவு இன்னும் போகாமல் ரப்பர் சுருண்டுகொண்டே இருந்தது. சிராஜ் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, தகட்டைச் சுற்றி ஒரு விரல் கூடுதலாக விட்டு வெட்ட ஆரம்பித்தான்.