ரத்தப் பையின் கடைசி எண்

ஆஸ்பத்திரியின் கணினி அறையில் அவனுக்கு வைத்த பெயர் அவசரக்குடுக்கை. அவனும் சும்மா இருப்பானா? அறைப் பொறுப்பாளருக்கு, முதுகுக்குப் பின்னால் மட்டும், சட்டாம்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தான். சொந்த அண்ணனின் மனைவி அல்லவா, முகத்துக்கு நேரே அண்ணிதான்.

அங்கே ஒரு பெரிய சர்வருக்குள் இருபது கன்டெய்னர்கள், அதாவது மென்பொருள் பெட்டிகள், தனித்தனிக் குடித்தனமாக ஓடின. ரத்த வங்கிக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் அதற்கான டெம்ப்ளேட் என்ற மூல அச்சிலிருந்துதான் வார்த்தெடுக்க வேண்டும். "ஓடிக்கிட்டிருக்கிறதுல கை வைக்காதே. எதை மாத்துறதா இருந்தாலும் டெம்ப்ளேட்ல மாத்து" என்பது அண்ணியின் ஓயாத பாட்டு. அவன் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவான்.

அன்று காலை பதினோரு மணிக்கு அந்தப் பெரிய சர்வர் கருகிப் போனது. அறுவை அரங்கில் ஒருத்திக்கு ரத்தம் நிற்கவில்லை. ரத்த வங்கியின் கன்டெய்னர் இந்த அறையில் அச்சடிக்கும் லேபிளை ஒட்டாமல் ஒரு ரத்தப் பைகூட வெளியே போகக்கூடாது. ஃபோன் விடாமல் அடித்தது.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணியோ மாற்று சர்வரைத் திறந்து, ரத்த வங்கியின் டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்து, தனி வட்டில் பத்திரமாக இருந்த தகவல்களை இணைத்தார். நாலே நிமிடம். புத்தம்புதுக் கன்டெய்னர் எழுந்து நின்றது. அடேயப்பா, என்ன கை அது!

அப்போதுதான் அவனுக்கு அது நினைவுக்கு வந்தது. போன மாதம் லேபிளில் எட்டு இலக்கப் பை எண்ணின் கடைசி இலக்கம் விழாமல் போக, ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னருக்குள்ளேயே புகுந்து சரிசெய்திருந்தான். டெம்ப்ளேட்டைத் தொடவில்லை; அதிலிருந்து புதிதாக வார்த்ததில் அந்தத் திருத்தம் இருக்காது. கடைசி இலக்கம் போனால் ஒருவருக்கான ரத்தம் வேறொருவருக்கு ஏறும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் மானம் தப்பும். அந்தப் பெண்ணின் உயிர்?

"அண்ணி, அச்சடிக்காதீங்க! நான் உள்ள கை வச்சேன். கடைசி நம்பர் விழாது!"

பிரிண்டர் அதற்குள் லேபிளைத் துப்பிவிட்டது. அவன் பாய்ந்து எடுத்தான். எட்டு இலக்கமும் இருந்தன.

"நீ செஞ்ச திருத்தம் சரிதான் தம்பி. மறுநாளே சோதிச்சு டெம்ப்ளேட்ல சேத்துட்டேன்" என்றார் அண்ணி, அடுத்த லேபிளைக் கிழித்தபடி. "டெம்ப்ளேட்டையும் ஓடுறதையும் தினமும் ஒப்பிட்டுப் பாக்குறவ நான்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

அரை மணியில் அரங்கிலிருந்து செய்தி வந்தது: ரத்தம் ஏறிவிட்டது, பிழைத்துக்கொள்வாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷியைப் போய்ச் சட்டாம்பிள்ளை என்றோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். இனி ஒளிப்பதில்லை.

"அண்ணி, அதே மாதிரி வேற கன்டெய்னர்லயும் கை வச்சிருக்கேன். ரெண்டு இடம்" என்றான் தலையைச் சொறிந்துகொண்டு.

"மூணு" என்றார் அண்ணி.