பெயர் (கட்டாயம்)

1

அறையில் இருந்தவர்கள்: தொலைக்காட்சி நிலைய மேலாளர் வேய்ன். ரேலீன் அத்தை (ஊருக்கே அத்தை). நான். ஸ்பீக்கர் போனில், சிட்னியிலிருந்து கீரன் என்றொரு குரல். திரையில், டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு சிரிக்கும் இருபத்துமூன்று வயது [          ]. அவன் இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அடைப்புக்குறிக்குள் அவன் பெயர் வர வேண்டும். வராது. புனைபெயர் ஒன்று வைத்துப் பார்த்தேன். அந்தப் பெயரிலும் எங்கள் ஊரில் ஒருவன் உயிரோடு இருக்கிறான்.

இது நானாக யோசித்த கதை அல்ல. வேலையை விட்டபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘விலகுவதற்கான காரணம்’ என்று போட்டு இரண்டு வரி விட்டிருந்தார்கள். எழுத ஆரம்பித்தேன். இடம் போதவில்லை.

2

முதல் தொடக்கம்: “சிவந்த பாலை மண்ணில் ஒளிபரப்புக் கோபுரம் தனிமையில் நின்று…” அடித்துவிட்டேன். கோபுரத்துக்குத் தனிமை கிடையாது. அதற்கு மின்சாரம் வந்தால் போதும்.

இரண்டாவது, கட்டுரை மாதிரி வந்தது. நான் சேர்ந்தபோது ஒளிபரப்பு என்றால் வீடியோ நாடா. ஒன்று முடிய அடுத்ததைப் போட, விடியும்வரை ஒருவன் விழித்திருக்க வேண்டும். அந்த ஒருவன் நான். பிறகு நாடாக்கள் கணினிக்குள் போயின. இரவு வேலை ஒழிந்தது. பிறகு கணினியே இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, சிட்னிக்குப் போனது. எங்கள் ஊர்ப் படம் செயற்கைக்கோள் வழியாக எங்களுக்கே திரும்பி வந்தது. முன்பைவிடத் துல்லியமாக வந்தது. அதை மறுக்க மாட்டேன்.

(நாடாக் காலத்தில் யாராவது இறந்தால் வீட்டார் ஒருவர் வந்து கதவைத் தட்டி, “அந்தப் பையன்” என்பார். பெயரைச் சொல்ல மாட்டார். இங்குள்ள பழங்குடி மக்களின் வழக்கில், இறந்தவர் பெயர் காதில் விழக் கூடாது, முகம் கண்ணில் படக் கூடாது. நான் அலமாரியிலிருந்து அவன் வரும் நாடாக்களை எடுத்துத் தரையில் வைப்பேன். ஐந்து நிமிட வேலை.)

3

முதல் வரைவில் ரேலீன் அத்தையை அழவைத்திருந்தேன். அவர் அழவில்லை. இறந்தவனின் பெரியம்மா, அவர்கள் வழக்கில் அவரும் அம்மாதான். சனிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு ஊன்றுகோலோடு படியேறி வந்தார். இரண்டு மணிக்குக் கால்பந்து இறுதிப் போட்டி. இடைவேளைக்கு இடைவேளை அந்த டயர் கடை விளம்பரம்.

“அந்தப் பையனை எடுத்துடு, தம்பி. அவன் டீம் ஆடுது, அவனப் பெத்த என் தங்கச்சி டீவி பார்ப்பா. வேணாம்னாலும் கேக்க மாட்டா.”

“இப்பவே அத்தை,” என்றேன். நிறுத்தும் பொத்தான் என்னிடம் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

“மேட்ச் முடிஞ்சதும் பாத்துக்கலாமே?” என்றான் வேய்ன்.

“உன் மண்டைல ஒரு டயர் ஏறட்டும். அப்பறம் பாத்துக்கலாம்,” என்றார் அத்தை.

கீரன் போனில் உற்சாகமாகப் பேசினான். “பேரைச் சொல்லுங்க. முகத்தை வெச்சு எல்லா வீடியோவுலயும் தேடி நிறுத்திடும். அருமையான சிஸ்டம்.”

“பேர் சொல்லக் கூடாது,” என்றேன்.

“அப்ப எப்படிங்க? பேர் கட்டாயம். குடும்பத்துல ஒருத்தர் முழுப் பேரையும் வாயால சொல்லணும், ரெக்கார்ட் ஆகும். இல்லைன்னா யார் வேணா யாரை வேணா நிறுத்திடுவாங்களே.”

“டயர் விளம்பரத்தை மட்டுமாவது?” என்றேன்.

“அவர் போட்ட கோலெல்லாம் முன்னோட்டத்துல வருது. நாப்பத்தோரு வீடியோ துண்டு. கையால எடுத்தா திங்கக்கிழமை ஆயிடும்.”

அத்தை போனுக்குக் குனிந்தார். “உனக்கு அம்மா இருக்காளா?”

“இருக்காங்க.”

“நல்லாருக்கட்டும். அவகிட்ட கேளு, இது என்ன சிஸ்டம்னு.”

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குங்க. ஆனா இந்தக் கட்டத்தைத் தாண்ட விடமாட்டேங்குது.”

(கீரனைக் கெட்டவனாக எழுத இரண்டு முறை முயன்றேன். அவன் ஒத்துழைக்கவில்லை.)

4

வேய்ன் எங்கள் பக்கத்துக் குரலை அணைத்தான். அத்தை என்னைப் பார்த்தார்.

“நீ எங்காளு இல்ல. நீ சொன்னா உன் நாக்குக்கு ஒண்ணும் ஆகாது. அவன் அண்ணன்னு பொய் சொல்லி, பேரைச் சொல்லிடு. என் காதுல மட்டும் விழக் கூடாது. நான் வெளிய போயிடறேன், கதவு சாத்தினப்பறம் சொல்லு.”

“சரி அத்தை.”

அவர் எழுந்தார். வேய்ன் குரலைத் திறந்தான். மணி ஒன்று ஐம்பத்தேழு.

“முப்பது செகண்டுல படிவம் மூடிக்கும்,” என்றான் கீரன். “அப்பறம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

நாற்காலிக்கும் கதவுக்கும் இடையே எட்டு மீட்டர். நான் அந்த மு

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

5

முடிவு ஒன்று: கதவு சாத்தும்வரை காத்திருந்து சொன்னேன்.

முடிவு இரண்டு: காத்திருக்கவில்லை.

அன்றைக்கு அவன் முகம் ஒருமுறைகூட வரவில்லை என்பது இரண்டுக்கும் பொது. அவன் அம்மா முழு ஆட்டத்தையும் பார்த்தாள். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டு நழுவுவதாக இருந்தேன். இந்த மாதிரிக் கதையில் அது செல்லும். ஆனால் ஒலிப்பதிவு இருக்கிறது. கீரனிடம் கேட்டு வாங்கினேன்.

பதினொரு விநாடி. “நான் அவன் அண்ணன்,” என்கிறது என் குரல். பின்னால் ஊன்றுகோல் தரையில் தட்டுகிறது. என் குரல், தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக: [          ]. ஊன்றுகோல் நிற்கிறது.

அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

“நன்றி, ஏத்துக்கிச்சு,” என்கிறான் கீரன். ஊன்றுகோல் இன்னும் இரண்டு முறை தட்டுகிறது. பிறகு, அவருக்குப் பின்னால், கதவு சாத்தித் தானாகப் பூட்டிக்கொள்கிறது.