கோபுரம் தாண்டிய ஆறு நொடி

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. போன வியாழக்கிழமை சாயங்காலம் என் மனைவியின் தங்கை வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, “அத்தான், கொஞ்சம் தண்ணி” என்றாள். கொடுத்தேன். பாதி சட்டையில் சிந்தியது. பிறகு அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: “எழுதிக்கோங்க. ஆனா என்னை நல்லவளா எழுதிடாதீங்க.”

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: [மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் மரணம் வந்துகொண்டிருந்தது, அவளோ]

அடித்துவிட்டேன். யாரும் சாகவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அடுத்து: [ரயில் ஊதிக்கொண்டே நம்மைக் கடக்கும்போது]

இது பள்ளிக்கூடப் பாடம். இருந்தாலும் இதைச் சொல்லாமல் நகர முடியாது. வரும்போது கீச்சென்று கேட்கும் ஊதல், கடந்த மறுகணமே தொய்ந்துவிடும். வானொலி அலைக்கும் அதே கதிதான். ரயில் பாதையோரத் தொடர்புக் கோபுரத்தை நோக்கி ஓடும்போது அலைவரிசை கொஞ்சம் ஏறும், தாண்டியதும் இறங்கும். மெதுவாகப் போனால் ரயிலின் தொடர்புக் கருவி பொறுத்துக்கொள்ளும். இந்த வேகத்தில் தடுமாறும். ஆகவே ஏறப்போவதை முன்கூட்டியே கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். தாண்டிய நொடியிலிருந்து கூட்ட வேண்டும். கோபுரங்களின் பட்டியலைப் பார்த்து அந்தத் திருத்தத்தைச் செய்யும் நிரலை எழுதியவள் அவள். நான்கு வருட உழைப்பு.

(இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடச் சொன்னாள். தொடர்பு ஐந்து நொடி அறுந்தால் ரயில் தானாகவே பிரேக் போடும். சோதனை ஓட்டங்கள் அடிக்கடி நின்றுபோகின்றன என்று அதை இருபது நொடியாக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தவளும் அவள்தான்.)

3

அன்று காலை பத்து மணி. கடைசிச் சோதனை ஓட்டம். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், காதில் ஹெட்போனோடு அவள். முதுகுக்குப் பின்னால் தலைமைப் பொறியாளரும் அவர் அழைத்து வந்த மூன்று பேரும். கோபுரம் ஒன்று ஜன்னலில் சர்ரென்று போனது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண்குரல்:

“நி—”

அவ்வளவுதான். பிறகு ஒன்றுமே இல்லை.

“என்னம்மா சொன்னாங்க?” என்றார் ஓட்டுநர். “நிறுத்தச் சொல்றாங்களா, நிதானமாப் போகச் சொல்றாங்களா?”

அவளுக்கும் அந்த ஓர் எழுத்துதான் கேட்டது. ஆனால் குரல் ஏன் அறுந்தது என்பது முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது. திரையில் பிழை இரண்டு மடங்காகியிருந்தது. கோபுரம் பின்னால் போய்விட்டது. அவளுடைய நிரலோ அது இன்னும் முன்னால்தான் இருக்கிறது என்று நம்பிக் கழித்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே இறங்கிய அலையை அது மேலும் இறக்கியது. திருத்தத்தையே நிறுத்திவிட்டால் பிழை பாதியாகும், கரகரவென்றாவது கேட்கும். அதற்கு ஒரு பொத்தான். விரல் அதன் மேல்தான் இருந்தது.

“அம்மா, அரைகுறையாக் கேட்டதுக்கு நான் பிரேக்கைப் போட்டா, பின்னால நிக்கிறவங்க உருண்டுருவாங்க. என்னன்னு சொல்லுங்க!”

ஆறு நொடி. ரயில் அரைக் கிலோமீட்டர் ஓடிவிட்டது.

அழுத்தினாள்.

“—றுத்துங்க! ஆளுங்க இருக்காங்க தண்டவாளத்துல! நிறுத்துங்க!”

4

இந்த வேகத்தில் பிரேக் போட்ட ரயில் நிற்க ஒரு நிமிடத்துக்கு மேலாகும். அந்த நிமிடத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அந்த நேரத்தில் செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் அதில் இருந்த பயங்கரம். வளைவு நிமிர்ந்ததும் தூரத்தில் மஞ்சள் நிறப் பழுதுபார்க்கும் வண்டி தெரிந்தது. மூன்று பேர். இருவர் சரிவில் குதித்து ஓடினார்கள். மூன்றாமவன் குனிந்து, தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் நடுவே மாட்டிய தன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். ஓட்டுநர் பிரேக் பிடியை இறுக்கியபடி, “இழுடா, இழுடா” என்று முனகிக்கொண்டே இருந்தார். அவள் கண்ணை மூடவில்லை; மூட வரவில்லை.

நின்றது.

(எவ்வளவு தூரத்தில்? இருநூறு மீட்டர் என்று எழுதியிருந்தேன், நம்பும்படி இருக்கட்டுமே என்று. “அத்தான், நான் இறங்கி நடந்து எண்ணினேன். எண்பத்தேழு காலடி” என்றாள். மாற்றிவிட்டேன்.)

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம்: விரல் பொத்தான்மேல் இருந்தும் ஆறு நொடி ஏன்?

“பயத்துல உறைஞ்சு போயிட்ட. யாரா இருந்தாலும் அப்படித்தான்” என்றேன்.

“இல்ல அத்தான். பயம்னா அழுத்தியிருப்பேனே! எனக்கு வந்தது வெட்கம். தலைமைப் பொறியாளர் முன்னாடி நானே என் நிரலை அணைக்கணுமான்னு தோணிச்சு. தானா சரியாயிடும்னு காத்திருந்தேன். அந்த ஆள் கால் மாட்டிக்கிட்டு நிக்கிறான், நான் மானம் போயிடுமேன்னு காத்திருக்கேன்.”

என் மனைவி எழுந்து அவள் பின்னால் போய் நின்று தோளைப் பிடித்துக்கொண்டாள்.

6

காரணம் அன்று மதியமே தெரிந்திருந்தது. நிலம் இளகலாக இருந்ததால் அந்தக் கோபுரத்தை ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னதாகவே நட்டிருக்கிறார்கள். பட்டியலில் யாரும் திருத்தவில்லை. இப்போது திருத்தியாயிற்று. தலைமைப் பொறியாளர், “அதான் சரிபண்ணியாச்சே, இனி என்ன?” என்று சொல்லிவிட்டார். தானாகப் பிரேக் போடும் அந்த இருபது நொடியும் அப்படியே இருக்கும். திங்கள் காலை பயணிகளோடு ஓட்டம்.

பாதையில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கோபுரங்கள். மற்றவற்றை யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்து முடிக்க மூன்று மாதம் பிடிக்கும்.

அவள் பையிலிருந்து சோதனை ஓட்ட அறிக்கைப் படிவம் ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தாள். அதில் ஒரு கட்டம்: ‘பழுதை அறிந்ததற்கும் செயல்பட்டதற்கும் இடைப்பட்ட நேரம்.’ கருவிப் பதிவைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ‘ஒன்று’ என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ‘ஆறு’ என்று எழுதினால் விசாரணை வரும். ரயில் நிற்கும், பட்டியல் முழுக்கச் சோதிக்கப்படும், அவள் வேலை போகும்.

முடிவு அ: அவள் ஆறு என்று எழுதுகிறாள், நிமிர்ந்து

இல்லை. இது அவளை நல்லவளாக்கிவிடும்.

முடிவு ஆ: ஒன்று என்று எழுதிவிட்டு, திங்கள் காலை தொலைபேசி அடிக்கும்போதெல்லாம்

இதை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த ரயிலில் என் மனைவிக்கும் சீட்டு எடுத்திருக்கிறது.

“அத்தான், நீங்க என்ன எழுதுவீங்க?” என்று கேட்கிறாள். என் மனைவி என் முகத்தைப் பார்க்கிறாள். கட்டம் காலியாக இருக்கிறது. என்னால் இதற்கு மேல் எழுத முடியாது, நீங்கள் எழுதுங்கள்.