புனிக்கி என்று பெயர் வைத்த கதை

1918 மே மாதம், உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, குய்வஜார்வி என்ற ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் ஊரார் வாயிலிருந்து போய்விட்டன. யார் சொல்ல முயன்றாலும் ‘புனிக்கி’ என்றுதான் வந்தது. செம்படையில் சேர்ந்தவனுக்கும், அவன் பெண்டாட்டிக்கும், அவன் வீட்டுப் பசுவுக்கும்கூட வென்ற வெள்ளைப்படைக்காரர்கள் வைத்த வசவு அது. காறித் துப்புவதுபோலச் சொல்வார்கள். சுடப்பட்ட தச்சனின் மனைவி சைமி, பால் கறக்கும்போது புருஷனின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். அதே வசவு வந்தது. முதலில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேறு வார்த்தை இல்லாததால், பிறகு அதையே மெல்லச் சொல்லப் பழகினாள்.

அறுவடைக் காலத்தில் மகன் பிறந்தான். அப்பன் பெயரையே வைக்க வேண்டுமென்று ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்குத் தூக்கிப் போனாள். சுடப்பட்டவர்களைப் போட்டு மூடிய சதுப்பு நிலத்துப் புதைகுழிக்கு வந்து ஜெபம் செய்ய மறுத்த அதே பாதிரியார்தான் பிள்ளையைக் கையில் வாங்கினார். வாயைத் திறந்தார். “புனிக்கி” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார், அதேதான். முன்வரிசையில் பண்ணைக்காரர் கூஸ்தா எழுந்தார். தச்சனைச் சதுப்புக்கு இழுத்துப் போனவர் அவர்.

“என்ன சாமி, கோயில்ல நின்னுகிட்டு ஏசுறீங்க?”

“நான் ஏசலைங்க. வாயில அதான் வருது.”

“இவன் அப்பன் பேரு இப்ப அதுதானே,” என்றாள் சைமி. “தண்ணிய ஊத்துங்க சாமி, பிள்ளைக்குக் குளுருது.”

ஊற்றினார்.

பையன் வளர்ந்து கூஸ்தாவின் பண்ணைக்கே வைக்கோல் வேலைக்குப் போனான். கூஸ்தா சீழ்க்கை அடித்துக் கூப்பிட்டுப் பார்த்தார், அவன் திரும்பவில்லை. கடைசியில் வயலுக்கு அக்கரையிலிருந்து, “டேய் புனிக்கி, கஞ்சி ஆறுதுடா!” என்று கத்த வேண்டியதாயிற்று. சாப்பாட்டு வேளைதோறும் கத்திக் கத்தி அந்த வார்த்தையிலிருந்த எச்சில் வற்றிப்போனது. சில ஆண்டுகளில் பண்ணைப் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளையும் அப்படிக் கொஞ்ச ஆரம்பித்தார்கள். சைமிக்கு அதைக் கேட்கும்போது சிரிப்பு வரும். பிறகு வேலையை அப்படியே போட்டுவிட்டுச் சதுப்புப் பக்கம் நடந்துவிடுவாள்.

1939இல் ரஷ்யப் போர் வந்தது. புனிக்கி எல்லைக்குப் போனான். பிப்ரவரியில் கூஸ்தாவின் குதிரை இழுத்த பனிவண்டியில் பெட்டியாக வந்தான். கோயில் தோட்டத்தில், வீரர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் புதைத்தார்கள். மணி அடித்தார்கள். பாதிரியார் அவன் பெயரைத் தடுமாறாமல் வாசித்தார்.

கல்லறைக் கல்லில் பெயர் வெட்டத் தம்பெரே நகரத்திலிருந்து வந்த கல்தச்சன் உளியை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“ஏம்மா, இது கெட்ட வார்த்தையாச்சே. நெசப் பேரச் சொல்லுங்க.”

சைமி வாயைத் திறக்குமுன், பின்னால் தொப்பியைக் கழற்றி நின்றிருந்த கூஸ்தா சொன்னார்:

“அதாம்யா பேரு. ஆழமா வெட்டு.”

சைமி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உளிச் சத்தம் ஓயும்வரை அங்கேயே நின்றாள்.

இப்போதும் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை மற்றக் கல்லறைகளைப் போலவே அதற்கும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் பெயரைப் படித்துவிட்டுத் திகைத்து நிற்பார்கள். வழியை மறிக்காமல் சற்று ஒதுங்கி நிற்கும்படி அவர்களிடம் சொல்லிவிட்டு, ஊர்க்காரர்கள் பனியை வாரிக்கொண்டிருப்பார்கள்.