பிடித்துத் தைத்த பேண்ட்

அப்பாவின் மண்டைக்குள்ளிருந்த கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, புற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொன்னபோது தையல்காரியான மகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் எட்டு நாளாகியும் அப்பா எழுந்திருக்கவில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயது. பக்கத்துக் கட்டில்காரருக்கோ எண்பத்தொன்று. அதே ஆபரேஷன் முடிந்து நாலாம் நாளே வராந்தாவில் நடைபோட்டு, நர்சுகளை வம்புக்கிழுத்துக்கொண்டிருந்தார். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தால் கால்மணி நேரத்தில் தலை தொங்கிவிடும். சாயங்காலமானால் யார் யாரையோ கூப்பிடுவார். நெஞ்சில் சளி வேறு கட்டிக்கொண்டது.

எங்கேயோ கை தவறியிருக்கிறது என்று மனசுக்குள் டாக்டரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள் மகள்.

உடற்பயிற்சி கொடுக்க வந்த பெண் அப்பாவின் தொடையை விரல்களால் சுற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த ஒரு வருஷத்தில் மெலிந்தாரா என்று கேட்டாள். எப்போதும் போலத்தான் என்று ஆரம்பித்த மகள் பாதியில் நிறுத்தினாள். அப்பாவின் பேண்டை இடுப்பில் பிடித்துத் தைத்தது அவள்தான். ஒரே வருஷத்தில் மூன்று தடவை. ஊரார் அளவையெல்லாம் நோட்டில் குறித்து வைப்பவள், வீட்டு மனுஷருக்கு டேப்பை எடுத்ததேயில்லை, கண்ணளவுதான். படியேற அவர் நின்று நின்று வந்ததும், பாட்டில் மூடியைத் திறக்க அவளிடம் நீட்டியதும் வயசுக் கணக்கில் போய்விட்டது.

அன்றைக்கே இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. நானும் ஸ்கேனைத்தான் பார்த்தேன், ஆளை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும் என்றார். மெல்ல வளர்கிற கட்டி. ஒரு மாசம் நல்ல சாப்பாடும் நடையும் கொடுத்து உடம்பைத் தேற்றிவிட்டுக் கத்தி வைத்திருக்கலாமாம். வயசை மட்டும் பார்த்தால் போதாது, உடம்பில் தெம்பு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கணும் என்றார்.

சளி இறங்கி அப்பாவுக்குத் தெளிவு வந்த ஒரு காலையில் அவள் சொன்னாள்: “நான் கவனிக்காம விட்டுட்டேன்பா.”

“நீ எங்க விட்ட? நான்தான் மறைச்சேன். முடியலன்னு சொன்னா ஆபரேஷனே வேணாம்னு அனுப்பிடுவாங்கன்னு பயம். நல்லாத்தான் இருக்கேன்னு எல்லார்கிட்டயும் அளந்து விட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்கு வந்தபின் வேளாவேளைக்கு முட்டையும் பருப்பும். தினம் பத்து தடவை நாற்காலியிலிருந்து தானாக எழுந்து உட்கார வேண்டும். தாங்கத் துடிக்கும் கையை மடியில் அழுத்திக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்தாம் மாதம் கோலூன்றித் தெருமுனை முடிவெட்டும் கடை வரை போனார். பழைய நடை வரவில்லை. இனி வராது என்று இருவருக்கும் தெரியும். திரும்பும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.